உங்கள் போட்டுக்குப் பின்னால் வரும் அலை

வெள்ளாற்று முகத்துவாரத்தில் தொழில் செய்யும் விசைப்படகு, பைபர் போட்டு உரிமையாளர்களுக்கும், டிரைவர் அண்ணன் தம்பிகளுக்கும், சுற்றுலா மோட்டார் படகு ஓட்டும் பிள்ளைகளுக்கும், நம் ஊர்ப் பஞ்சாயத்தார்களுக்கும்,

வணக்கம்.

பரங்கிப்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் பைபர் போட்டு ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவன் நான். இதைப் படிக்கிற பலருடைய போட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் அடிப்பக்கம் முழுவதும் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். எந்தப் போட்டு எங்கே அடிபட்டது என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

இது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 அன்று கட்டிப் போட்ட விசைப்படகுகள் ஜூன் 14 நள்ளிரவு வரை அசையாது. 61 நாள் வலையும் எஞ்சினும் பெயிண்டுமாகக் கரையில் இருப்பீர்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். தடை முடிகிற ராத்திரி எல்லாப் போட்டும் ஒரே நேரத்தில் கிளம்பும். அன்றைக்கு யார் சொன்னாலும் காதில் விழாது.

கேட்பது ஒன்றுதான். முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்ததிலிருந்து ஜெட்டியில், அதாவது படகுத் துறையில், கயிறு போடும் வரைக்கும், திரும்பப் போகும்போது ஜெட்டியிலிருந்து முகத்துவாரம் வரைக்கும், போட்டை மெதுவாக விடுங்கள். பின்னால் அலை கிளம்பாத அளவுக்கு மெதுவாக.

போன தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் சித்தப்பா மகன், கட்டிக் கிடந்த பைபர் போட்டிலிருந்து பக்கத்துப் போட்டுக்கு ஐஸ் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தான். காலை நேரம், காற்றே இல்லை, தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது போல் இருந்தது. நடு ஆற்றில் ஒரு லாஞ்சு, அதாவது பெரிய விசைப்படகு, போனது. எங்களுக்கும் அதற்கும் நல்ல தூரம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லாஞ்சு வளைவு திரும்பி மறைந்தும் விட்டது. அதற்குப் பிறகுதான் அதன் அலை எங்களிடம் வந்தது. முதல் அலை இரண்டு போட்டையும் பிரித்தது. விழுந்துவிடாமல் இருக்க அவன் பக்கத்துப் போட்டின் விளிம்பை எட்டிப் பிடித்தான். அடுத்த அலை இரண்டையும் கொண்டுவந்து ஒன்றோடொன்று சேர்த்தது. டயர் தொங்கவிட்டிருந்த இடமாக இருந்தால் தப்பியிருக்கும். அவன் கை இருந்தது ஒரு டயருக்கும் அடுத்த டயருக்கும் நடுவில். இடது கை மோதிர விரலும் சுண்டுவிரலும் நசுங்கின. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. வலை முடிச்சு போடும்போது நூலை இழுத்துப் பிடிக்கிற விரல் அது. இன்றைக்கும் முடிச்சு போடுகிறான், நூல் நழுவுகிறது, மறுபடி போடுகிறான்.

அந்த டிரைவர் மோசமான ஆள் இல்லை. விஷயம் கேள்விப்பட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, "நான் உங்களை ஒட்டியே வரலையே தம்பி, நடு ஆத்துலதானே போனேன்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எந்தப் போட்டு, யார் டிரைவர் என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்த இடத்தில் நம்மில் எவரும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் முகத்தில் இருந்த குழப்பம் என் மனசை விட்டுப் போகவில்லை. தன் போட்டு முன்பக்க அணியத்தில் தொடங்கிப் பின்பக்கப் பலகையில் முடிந்துவிடுகிறது என்று அவர் நினைத்திருக்கிறார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். பின்னால் கரைக்குக் கரை விரிந்துகொண்டு வருகிற அலையும் நம் போட்டில் சேர்ந்ததுதான். அது போய் எதை இடித்தாலும் இடித்தது நாம்.

இந்த அலையைப் பற்றி, நான் வேலை பழகிய மேஸ்திரி சொல்லிக் கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. பிறகு படித்துப் பார்த்தபோதும் அது சரியாகவே இருந்தது. தண்ணீரில் போகிற எந்தப் போட்டும் தன் வேகத்துக்கு ஏற்ற நீளத்தில் ஓர் அலையை உண்டாக்கும். எட்டு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு எட்டுக் கடல் மைல் வேகத்தில், போனால் அந்த அலை சுமார் 35 அடி நீளம். நாலு நாட் வேகத்தில் போனால் ஒன்பது அடிதான். வேகத்தைப் பாதியாக்கினால் அலையின் நீளம் கால்வாசியாகிவிடும், உயரமும் கூடவே இறங்கிவிடும். 35, 40 அடி லாஞ்சு எட்டு நாட் வேகத்தில் போகிறபோது அது கிளப்பும் அலையும் அதன் உடம்பும் கிட்டத்தட்ட ஒரே நீளம். அணியத்தில் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு, நடுவில் பள்ளம். அதற்குமேல் எவ்வளவு டீசல் கொடுத்தாலும் வேகம் பெரிதாக ஏறாது, அலைதான் ஏறும். எஞ்சின் உறுமுகிறது, புகை கறுக்கிறது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசலில் பெரும்பங்கு கரையை அறுக்கப் போகிறது.

இன்னொன்று. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் அடி நாலு மடங்கு. அரை அடி அலைக்கும் ஒரு அடி அலைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அரை அடி அலையில் கட்டிக் கிடக்கிற போட்டு தலையாட்டும். ஒரு அடி அலையில் கயிற்றை வெட்டி இழுக்கும்.

பைபர் போட்டு ஓட்டுகிற தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சின் வைத்த லேசான போட்டு முழு வேகத்தில் தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும். ஜெட்டியைப் பார்த்ததும் எஞ்சின் ரேஸைப் பாதிக்குக் குறைக்கிறீர்கள். மெதுவாக்கிவிட்டோம் என்று நினைக்கிறீர்கள். அந்தப் பாதி வேகத்தில்தான் அணியம் மேலே தூக்கி, பின்பக்கம் தண்ணீரில் குத்திக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய அலையைக் கிளப்பும். பாதி போதாது. அணியம் இறங்கிப் போட்டு மட்டமாக உட்காரும் வரைக்கும் குறைக்க வேண்டும். அதையும் ஜெட்டிக்கு வெகு முன்னாலேயே, படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் உங்கள் அலையே உங்களைத் துரத்திக்கொண்டு வந்து பின்பக்கம் ஏறும். எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று வருகிறவர்களில் சிலரிடம் எப்படி ஆனது என்று கேட்டால், இதுதான் கதை.

கட்டுமரம் இருந்த காலத்தில் இவ்வளவு பயம் இல்லை. கட்டைக்கு நடுவே தண்ணீர் புகுந்து வெளியே போய்விடும், அலை தூக்கும், இறக்கும், அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிவாரணமாகப் பைபர் போட்டுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் இருந்த இடமெல்லாம் பைபர் ஆனது. நான் இந்தத் தொழிலைக் கற்றதே அந்த நாட்களில்தான். பைபர் போட்டு கிண்ணம் மாதிரி. உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியே போகாது, இறைத்தால்தான் உண்டு. வலையும் ஐஸும் ஏற்றி விளிம்பு தாழ்ந்து கிடக்கிற போட்டுக்குள் நாலு அலை எட்டிப் பார்த்தால் போதும்.

பட்டறையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். போட்டு மோதி ஒரேயடியாக உடைந்து வருவது குறைவு. வருவதில் மிகுதி, கட்டிக் கிடந்த இடத்தில் நாளுக்கு நூறு முறை சுவரில் இடித்து இடித்து வந்த காயம். வெளிப்பூச்சில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல் முதலில் தெரியும். உரிமையாளர் அதைப் பார்த்தும் பெயிண்ட் அடித்து மறைத்துவிடுவார். விரிசல் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போய், மேட் என்கிற கண்ணாடி இழைப் பாயை நனைக்கும். ரெசின் பசையும் மேட்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். விரல் மடக்கித் தட்டினால் நல்ல இடத்தில் டங்கென்று கேட்கும், கெட்ட இடத்தில் சொத்தென்று கேட்கும். நான் கிரைண்டர் வைத்துக் கிழிக்கிறபோது உள்ளேயிருந்து மூன்று மாதத் தண்ணீர் கசிந்து வரும். அது காயும் வரைக்கும் ரெசின் போட முடியாது. போட்டு அத்தனை நாள் கரையில். அத்தனை நாளும் அந்த வீட்டில் அடுப்பு கடனில் எரியும். என் வருமானம் இதில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் இந்தக் காயத்துக்குக் கூலி வாங்கும்போது கை கூசுகிறது.

ஜெட்டி கான்கிரீட் சுவராக இருப்பதும் ஒரு காரணம். மணல் சரிவில் வந்த அலை ஏறி, உடைந்து, அங்கேயே அடங்கிவிடும். நிமிர்ந்த சுவரில் வந்த அலை அடங்காமல் திரும்பும். திரும்புகிற அலையும் அடுத்து வருகிற அலையும் சேர்கிற இடத்தில், சுவரை ஒட்டி, உயரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். நம் போட்டுகள் கட்டிக் கிடப்பது சரியாக அந்த இடத்தில்தான். ஒரு போட்டு போய் ஐந்து நிமிடமாகியும் துறை ஆடிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். அதற்குள் அடுத்த போட்டு வந்துவிடும்.

மறுகரையில் சுவர் இல்லை, மண்தான். நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே தண்ணீர் மூன்றடிக்குமேல் ஏறி இறங்காது. அதனால் அலை நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கரையை அடிக்கிறது. கீழே குடைந்து மேலே தொங்கவிட்டுப் பிறகு பொத்தென்று விழுகிறது. விழுந்த மண் எங்கே போகும்? வாய்க்காலுக்குள்தான். அப்புறம் நாமே போய், போட்டு தரை தட்டுகிறது, தூர்வாரிக் கொடுங்கள் என்று மனு கொடுக்கிறோம்.

சுற்றுலா மோட்டார் படகு ஓட்டுகிற பிள்ளைகளே, உங்களிடம் சொல்ல வேண்டியது வேறு. பிச்சாவரம் வாய்க்கால்களில் வற்று நேரத்தில் இருளர் சனங்கள் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையும் தண்ணீருக்கு அடியில். அவர்களுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. வாய் திறந்தால் அன்றைய பிடிப்பு போய்விடும். ஒரு நாள் நான் பார்த்தது: வயதான அம்மா ஒருத்தர் அப்படித் தண்ணீரில் இருக்கிறார். ஒரு மோட்டார் படகு கடந்து போகிறது, அதில் இருந்தவர்கள் கையாட்டுகிறார்கள், போனில் படம் எடுக்கிறார்கள். அலை வந்து அவர் தலைக்குமேல் போனது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமினார், பறி வாயிலிருந்து நழுவியது. அது கவிழ்ந்து, காலையிலிருந்து தடவிச் சேர்த்த இறால் அத்தனையும் தண்ணீரில். அவர் யாரையும் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பறியைத் தேடி எடுத்து மறுபடி பல்லில் கவ்விக்கொண்டார். படகில் போனவர்கள் திரும்பிப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

தண்ணீரில் தலை தெரிகிற இடத்தில் எஞ்சினை நியூட்ரலில் போடுங்கள். சும்மா மிதந்து கடந்து போக இரண்டு நிமிடம் ஆகும். வந்தவர்களுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் சுரபுன்னை வேரைப் பார்க்கவும் கொக்கின் சத்தத்தைக் கேட்கவும் வாய்க்கும். அவர்கள் காசு கொடுத்து வருவதே அதற்குத்தானே. 2022-இல் பிச்சாவரத்தை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். வேரைச் சுற்றியிருக்கிற சேறு நின்றால்தான் கன்று நிற்கும். சேற்றை அலை கழுவிவிட்டால் கன்று சாய்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கடலில் போகிற எல்லாக் கலங்களுக்கும் பொதுவாக 1972-இல் எழுதிய சர்வதேச மோதல் தடுப்பு விதிகள் இருக்கின்றன. கப்பலுக்குத்தான் அது, நமக்கில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆறாவது விதி, எந்தக் கலமும் எப்போதும் பாதுகாப்பான வேகத்தில்தான் போக வேண்டும் என்கிறது. எது பாதுகாப்பான வேகம் என்பதற்கு எண் கொடுக்கவில்லை. பார்வைக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது, சுற்றிலும் எத்தனை படகு, தண்ணீர் எவ்வளவு ஆழம், உங்கள் கலம் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதையெல்லாம் பார்த்து நீங்களே முடிவு செய்யச் சொல்கிறது. ஒன்பதாவது விதி குறுகிய வாய்க்காலுக்கு. உனக்கு வலப்பக்கம் இருக்கிற கரையை ஒட்டிப் போ, வளைவில் எதிரே வருவது தெரியாவிட்டால் கவனமாகப் போ, ஒலி கொடு. படகை நடத்துகிற தண்டல் வேலை பார்த்த நம் பெரியவர்கள் இதை ஏட்டில் படிக்காமலே செய்தார்கள்.

2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில் நடந்ததை எல்லாரும் போனில் பார்த்தோம். எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை வேகப்படகு ஒன்று, எலிபண்டா தீவுக்குப் பயணிகளோடு போய்க்கொண்டிருந்த படகில் மோதியது. 15 பேர் இறந்தார்கள். பட்டப்பகல், நல்ல வெளிச்சம். அந்த வீடியோவில் வேகப்படகு வளைந்து வளைந்து நேராக நம்மை நோக்கியே வருவது போல இருக்கும். போட்டுக்கு பிரேக் கிடையாது என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. பெரிய துறைமுகத்தில் விலக அகலம் உண்டு. நம் வாய்க்காலில் அதுகூட இல்லை.

நீங்கள் சொல்லும் காரணங்களையும் கேட்டிருக்கிறேன். முகத்துவாரத்தில் மணல் திட்டுக்கு மேலே அலை உடைகிறபோது ரேஸைக் குறைத்தால் போட்டு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும் என்கிறீர்கள். நூற்றுக்கு நூறு சரி. அங்கே குறைக்கச் சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. அலை முதுகில் ஏறி உள்ளே வாருங்கள். உள்ளே வந்து தண்ணீர் அமைதியான பிறகு குறையுங்கள். மெதுவாகப் போனால் சுக்கான் பிடிக்காது, வாடைக்காற்று தள்ளிவிடும் என்கிறீர்கள். வாடைக்காற்று பலமாக அடிக்கிற நாளில் கொஞ்சம் கூடுதல் வேகம் தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கியரில் போட்டு எஞ்சினைக் கீழ் ஓட்டத்தில் விட்டாலே பெரும்பாலான நாளில் சுக்கான் பேசும் என்று உங்கள் டிரைவர்களே என் பட்டறையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சொல்கிறார்கள்.

உண்மையான காரணம் ஏலம். முதலில் வருகிற மீனுக்கு விலை, பிந்தி வந்தால் இறங்கிவிடும். இதில் டிரைவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கரையிலிருந்து ஓனர் போன் போடுகிறார்: "எங்கடா இருக்க, அவன் வந்துட்டான் பாரு." போட்டில் இருக்கிற எல்லாருக்கும் பங்கு, விலை குறைந்தால் எல்லார் பங்கும் குறையும். அந்தச் சுமையோடு அவர் கை ரேஸில் இருக்கிறது. ஓனர் அண்ணன்களே, கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தை எட்டு நாட் வேகத்தில் கடக்க நாலு நிமிடம், நாலு நாட் வேகத்தில் எட்டு நிமிடம். கிலோமீட்டருக்கு நாலு நிமிடம்தான் நாம் பேசிக்கொண்டிருப்பது. அதுவும் எல்லாப் போட்டும் மெதுவாக வந்தால், முந்தி வந்தவர் முந்தியேதான் இருப்பார். ஒருவர் மட்டும் குறைத்தால்தான் அவருக்கு நட்டம். ஆகவே இது தனித்தனியாக முடிவு செய்கிற காரியம் இல்லை, ஊராகச் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது.

பஞ்சாயத்தாரிடம் வருவது அதனால்தான். எந்த வலை போடலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று நீங்கள் சொன்னால் கேட்கிற ஊர் இது. ஊரில் ஒருவர் இறந்தால் எல்லா எஞ்சினும் நிற்கிறது. அந்த வார்த்தைக்கு இதிலும் மதிப்பு இருக்கும். தடைக்காலம் முடிவதற்குள் ஊர்க்கூட்டத்தில் இதை எடுங்கள். பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளையும் கூப்பிடுங்கள். ஆறு எல்லாருக்கும் பொது, ஒரு ஊர் மட்டும் கட்டுப்பட்டால் சண்டைதான் வரும். மீறினவருக்கு அபராதம் வைக்க வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். என் எண்ணம், முதல் வருஷம் அபராதம் வேண்டாம். அவருடைய அலையால் யார் போட்டுக்குச் சேதமோ அந்தச் செலவை அவர் ஏற்கட்டும், அது போதும். வெளியூர்ப் போட்டுகளுக்கு நம் முடிவு தெரியாது, ஆகவே எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தண்ணீரிலேயே அடையாளம் இருக்க வேண்டும்.

டிரைவர் அண்ணன்களே, உங்களிடம் ஒன்று மட்டும். உள்ளே வரும்போது ஒரே ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். முன்னால் பார்ப்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிக் கிடக்கிற போட்டுகள் நீங்கள் கடந்த பிறகு தலையாட்டுகின்றனவா, கூடையோடு பலகையில் கால் வைத்த பொம்பளை தடுமாறுகிறாளா, கரையில் வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். மீட்டர் பார்க்க வேண்டியதே இல்லை.

என் பட்டறைக்குப் பின்னால் காலி ரெசின் டிரம் 14 கிடக்கிறது. மூடியை அடைத்துப் பைபர் போட்டுத் தண்ணீர் புகாமல் செய்து, சிவப்பு பெயிண்ட் அடித்து, மெதுவாக என்று பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன். கூலி வேண்டாம். கயிறும் கட்டுவதற்குக் கல்லும் ஊர் கொடுக்கட்டும், எங்கே மிதக்கவிடுவது என்று டிரைவர்கள் காட்டட்டும். சித்தப்பா மகன் பெயிண்ட் அடிக்க வருகிறேன் என்றிருக்கிறான். ஜூன் முதல் வாரத்துக்குள் சொல்லியனுப்புங்கள். ரெசின் காய இரண்டு நாளும் பெயிண்ட் காய ஒரு நாளும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளாற்றங்கரை பைபர் பட்டறைக்காரன்